கருவிழிப் புண்ணை யார் எண்ணுவது?

ட்ரக்கோமா என்னும் கண்தொற்றைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் சான்றளித்தது. பெரிய வெற்றிதான். ஆனால், கண்தொற்றால் பார்வை போகும் கதை அத்தோடு முடிந்தது என்று சுகாதாரத் துறை இருந்துவிட்டால், அது நெல் அறுப்பவர்களுக்கும் கரும்பு வெட்டுபவர்களுக்கும் இழைக்கும் அநீதி.

மெட்ராஸ் ஐ வந்தால் ஊரே பேசுகிறது. பெரும்பாலும் அடினோ வைரஸ்தான் காரணம். கண் சிவக்கும், நீர் வடியும், உறுத்தும், காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். பார்வைக்குப் பொதுவாக ஆபத்தில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். கருவிழிப் புண் அப்படியல்ல. களத்தில் தெறித்த உமியோ கரும்புத் தோகையோ கருவிழியைக் கீற, அந்தக் கீறலில் நிமோகாக்கஸ் பாக்டீரியாவோ ஃபியூசேரியம் பூஞ்சையோ குடியேறுகிறது. வலி தாங்காது, வெளிச்சம் கூசும், பார்வை மங்கும், கருவிழியில் வெண்புள்ளி தெரியும். புண் ஆறினாலும் கண்ணில் பூ விழுந்துவிடும்.

ஒரு கணக்கை நான் விடாமல் சொல்லிவருகிறேன். 1996இல் வெளியான ஆய்வின்படி, மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு கவுண்டியில் எடுத்த கணக்கு 11. பத்து மடங்கு! 2011 மக்கள்தொகையை வைத்துத் தமிழகம் முழுமைக்கும் பெருக்கினால், ஆண்டுக்கு 80 ஆயிரம் பேர். 2022இல் மெட்ராஸ் ஐ பரவியபோது அமைச்சரே எண்ணிக்கை சொன்னார். இந்த 80 ஆயிரத்தை யார் சொல்வது?

காயம்பட்டவர் முதலில் போவது மருந்துக்கடைக்கு. “கண்ணு செவந்திருக்குண்ணே” என்றால் போதும், சீட்டு கேட்காமல் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கைக்கு வந்துவிடுகிறது. இரண்டு நாளில் சிவப்பு குறையும். சரியாகிவிட்டது என்று அவர் வேலைக்குப் போவார். உள்ளே பூஞ்சை கருவிழியை அரித்துக்கொண்டிருக்கும். இந்த விற்பனை குற்றம். இதைக் கண்டும் காணாமல் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் அதில் பங்குண்டு.

வழி தெரியாமலா இருக்கிறோம்? நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். கருவிழியில் கீறல்பட்ட 442 பேருக்குக் கிராம சுகாதாரப் பணியாளர்கள் 1 சதவீத குளோராம்பெனிகால் ஆன்டிபயாடிக் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். 96 சதவீதம் பேருக்குத் தொற்றில்லாமல் ஆறியது. காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் கடந்து வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது.

நேபாளத்தில் பின்னர் நடந்த பெரிய சோதனையில் பலன் தெரியவில்லையே என்பார்கள். களிம்பு நேரத்துக்குக் கண்ணில் சேராவிட்டால் பலன் எப்படித் தெரியும்? ஆன்டிபயாடிக் வீரியம் குறைந்துவிடும் என்பதும் ஒரு வாதமா? அந்தக் கவலை மருந்துக்கடைகளைப் பார்த்து வர வேண்டியது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் கொண்டு வீட்டுக்கே வருகிறார்கள். அந்தப் பையில் ஒரு களிம்புக் குழாய் வையுங்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சீட்டில்லாமல் விற்கும் கடையின் உரிமத்தை ரத்து செய்யுங்கள். ஐந்தே ஆண்டில் தமிழகத்தில் கருவிழிப் புண் பாதியாகும்.