காட்டிலே தீ மூட்ட எதை நம்புவது?

நோர்வேயில் பாடசாலைச் சுற்றுலா என்றாலே காடும், அங்கு மூட்டும் தீயும் பெரும்பாலும் இருக்கும். "நெருப்பைத் தொடாதே" என்று கண்டித்து வளர்க்கும் நம் பெற்றோர் பலருக்கு இது அச்சம் தருகிறது. அதற்காகப் பிள்ளையை வீட்டில் மறிப்பது முறையன்று. பனிக்குளிரில் வாழும் பிள்ளைக்குத் தீ மூட்டத் தெரியாதிருப்பதே பேராபத்து.

லைற்றர் இருக்கிறதே என்பர் சிலர். அதனுள்ளிருக்கும் பியூட்டேன் 0 பாகைக்குக் கீழே போதியளவு ஆவியாகாது. மிகவும் வேண்டிய வேளையிற் கைவிட்டுவிடும். சட்டையின் உட்பையில் வைத்துச் சூடாக்கினால் மீண்டும் எரியும். நெருப்புக்குச்சி குளிருக்கு அஞ்சாது, ஈரத்துக்கே அஞ்சும். ஆதலால் இறுக மூடிய சிறு போத்தலில் அதைக் கொண்டுசெல்வதே என் தெரிவு. சீரியம் கலந்த உலோகக்கோல் நனைந்தாலும், துடைத்து உரசினாற் பொறி பறக்கும். ஆயினும் பயிற்சியின்றி அது கைகூடாது. (சங்க நூல்கள் கூறும் ஞெலிகோலைக் கடைந்தோரும் பழகித்தான் கடைந்திருப்பர்!)

எதனால் மூட்டினும், பற்றிக்கொள்ளத் தக்க பொருள் வேண்டும். வீழ்ந்து கிடக்கும் பேர்ச் மரத்தின் பட்டையில் எண்ணெய்ப்பசை உண்டு, நனைந்தாலும் எரியும். உயிருள்ள மரத்தில் அதை உரித்தல் தகாது.

ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் அதனருகிலும் தீ மூட்டுவதற்குப் பொதுத்தடை உண்டு. ஆகவே பழகுவதற்கேற்ற காலம் குளிர்காலமே. பெற்றோர்களே, அருகிலிருந்து, மூன்றே மூன்று நெருப்புக்குச்சிகளைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். முதலில் உலர்ந்த சுள்ளி தேட வேண்டுமென்பதை அவர்களே கண்டுகொள்வர்.