பனிக்கு முன்னே ஒரு பழைய மிஷின்



போன இதழில் குளிர்நாளில் தயிர் உறைய வைக்கும் வழியை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் நாத்தனார் போனில், "தயிர் இருக்கட்டும் அண்ணி, அந்த டிராக்டர் கதையை எழுதுங்க" என்றாள். அதனால் இந்தத் தடவை அடுக்களையை விட்டு ஷெட்டுக்கு வந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தில், பேரி நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமாந்தரத்தில். ஜார்ஜியன் விரிகுடாவின் மேல் வீசும் குளிர்காற்று, இன்னும் சூடு ஆறாத தண்ணீரிலிருந்து ஈரத்தை வாரிக்கொண்டு வந்து எங்கள் பக்கம் பனியாகக் கொட்டிவிட்டுப் போகும். ராத்திரி படுக்கும்போது ஒன்றும் இருக்காது. விடிந்து பார்த்தால் முழங்கால் உயரம்! வாசலிலிருந்து ரோடு வரை ஜல்லி போட்ட பாதை 150 அடி. அதைச் சுத்தம் செய்தால்தான் கார் வெளியே போகும், பையன் ஸ்கூல் பஸ் பிடிப்பான்.

2022 பிப்ரவரி வரை அது என் வீட்டுக்காரர் வேலை. அன்று ஈரப்பனி. ஒவ்வொரு வாரு வாரும்போதும் அரைக்குடம் தண்ணீரைத் தூக்கி வீசுகிற பாரம். பாதி தூரம் போனவர் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார். "ஒண்ணுமில்லே, வாயுதான்" என்றார். அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வேர்வை. ஆம்புலன்ஸ் ரோடு வரை வந்துவிட்டது, பாதைக்குள் நுழைய முடியவில்லை. ஆட்கள் பனியில் இறங்கி நடந்து வந்து இவரைத் தூக்கிப் போனார்கள். அந்தச் சில நிமிஷங்களை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். இதயக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தார். முருகன் புண்ணியம்.

குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்கினால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. க்யூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையான ஆஸ்பத்திரிக் கணக்குகளைப் பார்த்து, பெரிய பனி பெய்த மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு கூடுகிறது என்று 2017-இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதியிருந்தார்கள். டாக்டரும், "இனிமேல் மண்வாரியைத் தொடாதீர்கள்" என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார்.

சரி, யார் செய்வது? நான்தான்!

எங்களிடம் புல் வெட்டுகிற ஒரு பழைய தோட்ட டிராக்டர் இருந்தது. அதன் முன்னால் மாட்டுகிற ஸ்நோ புளோயர் ஒன்று அடுத்த ஊரில் பழசாக விலைக்கு வந்தது. எல்லா டிராக்டருக்கும் எல்லாம் பொருந்தாது. அதனால் மாடல் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய், சரிபார்த்து வாங்கினோம். அக்டோபர் மாதம். பனி விழ இன்னும் சில வாரம்.

இவருக்கோ மனசே இல்லை. "உனக்கு எதுக்கு இந்த வேலை? ஸ்பானரைப் பிடிச்சிருக்கியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிர்ப் பண்ணையில் எழுபது தாண்டிய ஒரு அம்மாள் இருக்கிறார். நாற்பது வருஷமாக டிராக்டர் ஓட்டியவர். நான் அவரைப் பாட்டி என்றுதான் கூப்பிடுவேன். அவரும் அந்தச் சொல்லுக்குப் பழகிவிட்டார். அவரிடம் போய் நின்றேன்.

முதலில் மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் பெரிய வாய். அதற்குள் குறுக்கே ஒரு திருகு, ஆகர் என்பார்கள். அது சுழன்று பனியை இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்குத் தள்ளும். நடுவில் பின்னால் இருக்கும் விசிறி அதை வாங்கி, மேலே உள்ள புகைபோக்கி மாதிரியான குழாய் வழியாகத் தூர வீசும். முதல் ஸ்நோ புளோயரை 1925-இல் செய்தவர் க்யூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்ட் என்பவர்.

பாட்டி வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆகரின் தண்டைத்தான் பார்த்தார். திருகையும் தண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு ஷியர் போல்ட் என்று பெயர். வேண்டுமென்றே மெத்தென்ற இரும்பில் செய்திருப்பார்கள். கல்லோ விறகுக் கட்டையோ சிக்கினால் இது ஒடிந்துவிடும், விலையுயர்ந்த கியர் பெட்டி தப்பும். எங்களுக்கு விற்றவரோ, அடிக்கடி ஒடிகிறதென்று சலித்துப்போய், கெட்டியான சாதாரண போல்ட்டைப் போட்டு முடுக்கி வைத்திருந்தார்! தலையில் ஆறு கோடு இருந்தது. ஆறு கோடு என்றால் மிகவும் கெட்டியான ரகமாம்.

எனக்குச் சட்டென்று பிறந்த வீடு ஞாபகம் வந்தது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அண்ணா தடிக்கம்பியாகச் சுற்றி வைத்தான். ஃபியூஸ் போகவில்லை, கிணற்று மோட்டார்தான் போயிற்று. அதே கதைதான் இங்கேயும். ஒடிய வேண்டியது ஒடியாவிட்டால், ஒடியக் கூடாதது ஒடியும்.

அந்தப் போல்ட்டுகளைக் கழற்றிய பிறகு திருகு தண்டின் மேல் கையால் சுற்றினாலே சுற்ற வேண்டும். எங்களுடையது அசையவே இல்லை. உள்ளே துருப்பிடித்து இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. இப்படி இருந்தால் நல்ல ஷியர் போல்ட் போட்டும் பிரயோஜனமில்லை. போல்ட் ஒடிந்தாலும் திருகு தனியாகச் சுழலாது, அடி கியருக்குத்தான் போகும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ராத்திரி ஊற வைத்து, காலையில் மரச் சுத்தியால் மெள்ளத் தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு… மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் 'கிறீச்' என்று ஒரு சத்தம், திருகு சுற்றியது! பாட்டி கை தட்டினார். ஷெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் கிரீஸ் துப்பாக்கியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. தண்டுக்குக் கிரீஸ் அடித்து, மாடலுக்கு உரிய ஷியர் போல்ட்டுகளைப் போட்டோம். கியர் பெட்டியில் எண்ணெய் அளவு பார்த்தோம். பெல்ட்டில் வெடிப்பு இருந்தது, புதுசு மாற்றினோம். வாயின் இரண்டு பக்கமும் செருப்பு மாதிரித் தகடு இருக்கும். சிமெண்டுப் பாதையானால் அடித்தகடு தரையை ஒட்டியே இருக்கலாம். எங்களுடையது ஜல்லியானதால் சுமார் ஒரு அங்குலம் உயர்த்தி வைத்தோம், இல்லாவிட்டால் கல்லை வாரி வீசும். உள்பக்கம் துருவைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, காருக்குப் பூசும் மெழுகைத் தடவினேன். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிற மாதிரிதான், பனி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

டிராக்டருக்கும் சீர் உண்டு. புல் வெட்டும் தட்டைக் கழற்றிவிட்டு, குளிருக்கேற்ற 5டபிள்யூ-30 எண்ணெய் மாற்றி, பாட்டரியைச் சார்ஜ் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றினோம். முன்னால் பாரம் ஏறுவதால் பின் சக்கரம் வழுக்கும். அதற்குச் சங்கிலியும், பின்னால் எடைக்கட்டியும். தரை உறைவதற்கு முன் பாதையின் இரண்டு ஓரத்திலும் குச்சி நட்டு வைத்தோம், பனி மூடிய பிறகு பாதை எது, பூச்செடி எது என்று தெரியாதே!

பாட்டி மூன்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஒன்று, குழாய் அடைத்துக்கொண்டால் கையை விடவே கூடாது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, எல்லாம் நின்ற பிறகும் குச்சியால்தான் தள்ள வேண்டும். எஞ்சின் நின்றாலும் பெல்ட்டின் இறுக்கத்தில் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி விரலை வாங்கிவிடும்.

இரண்டு, கதவு மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட்டக் கூடாது. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கம் போல் வந்து ஆளைக் கொண்டுபோய்விடும்.

மூன்று, மிஷின் ஓடும்போது குழந்தைகள் வீட்டுக்குள். நம் கழுத்தில் தொங்குகிற துப்பட்டா, மஃப்ளரும் கூடாது.

முதல் பெரிய பனி வந்தது. விடிகாலை இருட்டில் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தேன். கால் நடுங்கியது குளிராலா பயத்தாலா, தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று பனி வளைந்து போய் ஓரத்தில் விழுந்தபோது, தலைதீபாவளிக்குக் கொளுத்திய பூவாணம்தான் ஞாபகம். பாதி தூரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். திருகின் ஒரு பக்கம் நின்றுவிட்டது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, இறங்கிப் பார்த்தால், பையன் விட்டுவிட்டுப் போன விறகுக் கட்டை! போல்ட் ஒடிந்திருந்தது. கியர் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பினால் இவர் கையில் ஒரு காபி டப்பாவோடு மெள்ள நடந்து வருகிறார். உள்ளே புது ஷியர் போல்ட்டுகள், நட்டுகள், சின்ன ஸ்பானர். மூடியில் இவர் கையெழுத்தில் 'அம்மாவின் டிராக்டர்' என்று சீட்டு. "ஒடியும்னு தெரியும், அதான் எடுத்து வச்சேன்" என்றார். பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டேன். பஸ் வருவதற்குள் பாதை ரோடு வரை சுத்தம்.

'பனியையே பார்க்காத எங்களுக்கு இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பீர்கள். பெண்ணோ பிள்ளையோ குளிர் தேசத்தில் இருந்தால் இதைக் கத்தரித்து அனுப்புங்கள். மற்றவர்களுக்கும் இரண்டு சொல்வேன். மிக்ஸியில், கிரைண்டரில் கையை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போனால் தடிக்கம்பி சுற்றாதீர்கள், ஏன் போகிறதென்று பாருங்கள். நெஞ்சு வலியை வாயு என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால், அதை மட்டும் நம்பாதீர்கள்!

அடுத்த இதழில் குளிர்நாளில் குதிகால் வெடிப்புக்குப் பாட்டி சொன்ன வைத்தியத்தோடு வருகிறேன்.