வலி வந்தால் வியாபாரம். வருமுன் காக்க ஆளில்லை!

வலிக்கு மாத்திரை விற்கிற கம்பெனிக்கு, வலி தீர்ந்துவிட்டால் நஷ்டம். வலியே வராமல் தடுத்துவிட்டாலோ பெரும் நஷ்டம். இந்தச் சாதாரணக் கணக்கைப் புரிந்துகொண்டால்தான் மருந்து உலகில் நடக்கும் ஒரு விசித்திரம் விளங்கும். நாள்பட்ட வலியைக் குறைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பரிசோதனைகள் ஏராளமாக நடக்கின்றன. அந்த வலி வராமலே தடுக்க முடியுமா என்று பார்க்கும் பெரிய, நேர்மையான பரிசோதனைகளோ மிகச் சில.

விஞ்ஞானிகளுக்கு வழி தெரியாததால்தான் இப்படி என்று யாரும் எண்ண வேண்டாம். வழி தெரியும். பணம் போடுகிறவன் யார், எதற்காகப் போடுகிறான் என்பதுதான் கேள்வி.

தையல் பிரித்தாயிற்று, வலி போகவில்லை

மூட்டை தூக்கும் ஒருவர் ஹெர்னியாவுக்கு ஆபரேஷன் செய்துகொள்கிறார். தையல் பிரித்தாகிவிட்டது. புண் ஆறிவிட்டது. "போய் வேலையைப் பார்" என்று டாக்டர் அனுப்பிவிடுகிறார். ஆனால் குனிந்தால் வலி, நிமிர்ந்தால் வலி. மாதங்கள் ஓடுகின்றன, வலி நிற்கவில்லை. மேஸ்திரியிடம் சொன்னால் "வேலைக்குப் பயந்து நடிக்கிறான்" என்கிறார்.

இது நடிப்பல்ல. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலிதான் நாள்பட்ட வலி என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியல் வரையறுக்கிறது. 2022 ஜனவரி முதல் அமலில் உள்ள அந்தப் பட்டியலில், ஆபரேஷனுக்குப் பின் நிலைத்துவிடும் வலிக்குத் தனி இடமே இருக்கிறது. ஹெர்னியா, மார்பகப் புற்றுநோய், நெஞ்சு ஆபரேஷன், கால் அகற்றுதல் போன்றவற்றுக்குப் பிறகு 100-க்கு 10 முதல் 50 பேர் வரை இந்த வலிக்கு ஆளாகிறார்கள் என்றும், 2 முதல் 10 பேருக்கு அது கடுமையாக இருக்கிறது என்றும் 2006-ல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வந்த ஆய்வுரை எடுத்துக்காட்டியது. அதற்கு முன்பே 1998-ல், பிரிட்டனின் வடபகுதியில் வலி மருத்துவ நிலையங்களுக்கு வந்த 5,130 பேரை விசாரித்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் தங்கள் வலிக்கு ஆபரேஷனும் ஒரு காரணம் என்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. மற்ற நோய்கள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் நடக்கும் தேதி முன்கூட்டியே தெரியும். வலி எந்த வாசல் வழியாக, என்றைக்கு நுழையப்போகிறது என்று தெரிந்திருந்தும் காவல் போட ஆளில்லை!

பரிசோதனை எப்படி இருக்க வேண்டும்?

விஷயம் ஒன்றும் மந்திரமல்ல. முதலாவது, ஆட்களை வலி வருமுன் சேர்க்க வேண்டும். முன்பே வலி இருந்தவர் யார், மனக்கலக்கத்தில் இருப்பவர் யார் என்று ஆபரேஷனுக்கு முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பிறகு குலுக்கல் முறையில் இரண்டு பக்கமாகப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மருந்து. மறுபக்கத்துக்கு அதே போலத் தோன்றும் வெற்று ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, வலியை அளப்பவருக்கும் தெரியக் கூடாது.

இரண்டாவது, போதிய எண்ணிக்கை வேண்டும். 100 பேரில் 20 பேருக்கு வலி நிலைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மருந்து அதை 15 பேராகக் குறைக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது மருந்தின் பலனா, தற்செயலா என்று பிரித்துச் சொல்ல, பக்கத்துக்கு ஏறக்குறைய 900 பேர், ஆக 1,800 பேர் தேவை. இது வழக்கமான புள்ளிவிவரக் கணக்கு. பக்கத்துக்கு 30 பேரை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு பக்கம் 6 பேர், மறுபக்கம் நான்கைந்து பேர். ஒரே ஒருவர் மாறினால் முடிவே தலைகீழாகிவிடும்.

மூன்றாவது, காத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் "வலி எப்படி?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவது இங்கே செல்லாது. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு கழித்தும் கேட்க வேண்டும். படுத்திருக்கும்போது மட்டுமல்ல, குனியும்போதும் நடக்கும்போதும் கேட்க வேண்டும். தூக்கம் வருகிறதா, வேலைக்குத் திரும்பினாரா என்றும் கேட்க வேண்டும். பிழைப்புத் தேடி ஊர் மாறியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். "தொடர்பு விட்டுப்போயிற்று" என்று எழுதி அவரைக் கணக்கிலிருந்து கழித்தால் பெரும்பாலும் ஏழையின் வலிதான் கழிக்கப்படும்.

நான்காவது, எதை அளக்கப்போகிறோம் என்பதை முன்பே எழுதி, பொதுப் பதிவேட்டில் வைத்துவிட வேண்டும்.

செய்து காட்டியவர்கள் உண்டு

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. வயதானவர்களுக்கு அக்கி வருகிறது. கொப்புளம் ஆறிய பிறகும் சிலருக்கு அந்த இடத்தில் நரம்பு வலி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நிற்கிறது. அதைத் தடுப்பூசியால் தடுக்க முடியுமா என்று அமெரிக்காவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 38,546 பேரைச் சேர்த்துச் சராசரி மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். 2005-ல் முடிவு வெளியாயிற்று. அத்தனை பேரில் நீடித்த நரம்பு வலி வந்தவர்கள் 107 பேர்தான். அவர்களில் வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் 80 பேர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் 27 பேர். மூன்றில் இரண்டு பங்கு வலி தடுக்கப்பட்டுவிட்டது!

இதை நடத்தியது அமெரிக்க சர்க்காரின் மாஜிப் படைவீரர் ஆஸ்பத்திரி இலாகா. தடுப்பூசியும் பணமும் மெர்க் கம்பெனி கொடுத்தது உண்மைதான். ஆனால் கடிவாளம் பொது ஸ்தாபனத்தின் கையில் இருந்தது. அந்த ஊசி 2020-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகிவிட்டது. அதைவிடச் சக்தி வாய்ந்த புது ஊசி வந்துவிட்டது. ஆனால் பாடம் பழையதாகவில்லை. பல்லாயிரம் பேரைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால் உண்மை கைக்கு வரும்.

கம்பெனிகளின் கைவரிசை

கடிவாளம் கம்பெனியின் கையில் இருந்தால் என்ன நடக்கும்? வலி மருந்துகளுக்கு வழக்கமாகக் கையாளும் முறை ஒன்றைப் பாருங்கள். முதலில் எல்லோருக்கும் மருந்து கொடுப்பார்கள். தலை சுற்றியவர், வாந்தியெடுத்தவர், பலன் காணாதவர் அனைவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். மருந்து ஒத்துக்கொண்டவர்களை மட்டும் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தை நிறுத்திப் பார்ப்பார்கள். நொண்டிக் குதிரைகளையெல்லாம் லாயத்தில் கட்டிவிட்டு ஓட்டப் பந்தயம்! இந்த முறையை அமெரிக்க மருந்து இலாகா ஏற்றுக்கொள்கிறது. அபின் இன மருந்துகள் பல இந்த வழியில்தான் தேறின. வருமுன் காக்கும் பரிசோதனையில் இந்த வடிகட்டல் நடக்காது. வலியே இன்னும் வராதபோது, யாருக்குப் பலன் என்று பார்த்து யாரைக் கழிப்பது? கம்பெனிகள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்றால் தவறாகாது.

இன்னொரு கைவரிசை. கபாபென்டின் என்ற மருந்தை அனுமதி பெறாத உபயோகங்களுக்கு விளம்பரப்படுத்திய குற்றத்தை வார்னர்-லாம்பர்ட் கம்பெனி 2004-ல் ஒப்புக்கொண்டு, 43 கோடி டாலர் கட்டியது. ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதும் அந்த உபயோகங்களில் ஒன்று. வழக்கில் வெளிவந்த கம்பெனியின் சொந்த ரகசியக் காகிதங்களை ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வந்தது. 20 பரிசோதனைகளில் 12 மட்டுமே பிரசுரமாகியிருந்தன. அந்த 12-லும் 8-ல், முதலில் அளப்பதாகச் சொன்னது ஒன்று. பிரசுரத்தில் முதன்மையாகக் காட்டியது வேறொன்று! வாக்கு எண்ணிய பிறகு தொகுதியை மாற்றிக்கொள்கிற வேட்பாளரை எங்கேனும் கண்டதுண்டா?

ஆபரேஷன் வலியை முன்கூட்டியே மருந்து கொடுத்துத் தடுக்கலாம் என்று கட்டுரை மேல் கட்டுரை எழுதிப் புகழ் பெற்றவர் அமெரிக்க டாக்டர் ஸ்காட் ரூபென். பைசர் கம்பெனியிடம் ஆராய்ச்சிப் பணமும் பெற்றார். 2009-ல் குட்டு வெளிப்பட்டது. 21 கட்டுரைகளில் விவரங்கள் இட்டுக்கட்டியவை; சேர்த்ததாகச் சொன்ன நோயாளிகளே இல்லை! 2010-ல் அவருக்கு ஆறு மாதச் சிறை. ஏறக்குறைய 3 லட்சத்து 60 ஆயிரம் டாலரைத் திருப்பிக் கொடு என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. யாருக்கு? பணம் கொடுத்த கம்பெனிகளுக்கு! அந்தக் கட்டுரைகளை நம்பி டாக்டர்கள் மருந்து எழுதிக்கொடுத்த நோயாளிகளின் நஷ்டத்தை எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

விதி எழுதும் மேஜை

வருமுன் காக்கும் பரிசோதனைக்கான வழிமுறைகளை 2015-ல் ஒரு நிபுணர் குழுவே தொகுத்து வெளியிட்டது. இம்பாக்ட் என்பது அதன் பெயர். அதன் யோசனைகளில் நியாயமானவை பல உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த மேஜையைச் சுற்றி அமர்ந்தவர்கள் யார்? இந்தக் குழுவின் கூட்டங்களில் கலந்துகொள்ள மருந்துக் கம்பெனிகள் 25,000 டாலர் வரை கட்டணம் கட்டின என்பதையும், அதே கூட்டங்களில் சர்க்கார் மருந்து அதிகாரிகளும் அமர்ந்திருந்தார்கள் என்பதையும் 2013-ல் அமெரிக்கப் பத்திரிகைகள் மின்னஞ்சல்களோடு அம்பலப்படுத்தின. பணத்துக்காக முடிவு மாறவில்லை என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். இருக்கட்டும். கட்டணம் கட்டியவனுக்கு நாற்காலி கிடைத்தது. வலியோடு மூட்டை தூக்குகிறவனுக்கு நின்று பார்க்கவாவது இடம் கிடைத்ததா?

விற்க முடியாததைச் சோதிப்பவர் யார்?

ஆபரேஷனின்போது நரம்பை அறுக்காமலும் நசுக்காமலும் காப்பது இந்த வலியைத் தடுக்கும் வழிகளில் ஒன்று. இதைப் பட்டையில் அடைத்து விற்க முடியுமா? முடியாது. ஆகவே இதைப் பெரிய அளவில் சோதிக்க எந்தக் கம்பெனியும் வராது. கெட்டமின் என்ற மயக்க மருந்து 1970-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மலிவானது. 2013-ல் 40 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கெட்டமினால் ஓரளவு பலன் இருக்கலாம் என்று தெரிந்தது. கம்பெனிகள் தூக்கிப்பிடித்த கபாபென்டினுக்கும் பிரிகாபலினுக்கும் அந்தப் பலன் தெரியவில்லை. ஆனால் பரிசோதனைகளில் பெரும்பாலானவை சிறியவை. அவற்றை நம்பி உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. ஏறக்குறைய 4,900 பேரைக் கொண்டு கெட்டமினைச் சோதிக்கும் திட்டத்துக்குப் பணம் கொடுக்க முன்வந்தது யார்? ஆஸ்திரேலிய சர்க்காரின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்!

"நம் நாட்டுக்கு அதற்கு வசதியேது?" என்று பெருமூச்சு விடுபவர்கள் பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியைப் பார்க்கட்டும். மத்திய சர்க்காரின் அணுசக்தி இலாகாவின் கீழ் உள்ளது அது. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசியைப் போட்டால் ஆயுள் கூடுமா என்று பல ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துச் சோதித்தார்கள். மருந்துச் செலவு ஆளுக்கு நூறு ரூபாய் அளவில்தான். 1,583 பெண்களின் முடிவு 2023-ல் வெளியாயிற்று: ஆறாம் ஆண்டில் உயிரோடிருந்தவர்கள் 100-க்கு 86-லிருந்து 90 ஆக உயர்ந்தார்கள். அது வலிக்கான பரிசோதனை அல்ல. ஆனால் அதே அளவு ஆட்கள், அதே வகை மலிவு மருந்து, அதே ஆபரேஷன் மேஜை. உயிருக்குச் செய்ய முடிந்ததை வலிக்கு ஏன் செய்யக் கூடாது?

கேட்க வேண்டியது இதுதான்

ஆபரேஷனுக்குப் பின் நிலைத்துவிடும் வலியைத் தடுக்கும் பரிசோதனைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பொதுப் பணத்தில் நடத்த வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளை ஒன்றாகச் சேர்த்தால் 1,800 பேர் பெரிய எண்ணிக்கையல்ல. மறு விசாரணைக்கு வருகிறவருக்குப் பஸ் செலவும் அன்றைய கூலியும் கொடுக்க வேண்டும். "வேலைக்குத் திரும்பினாயா?" என்ற கேள்வி முதன்மைக் கேள்விகளில் ஒன்றாக இருக்க வேண்டும். நம் நாட்டில் 2009 ஜூன் 15 முதல் பரிசோதனைகளைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவோடு நிற்காமல், முடிவு சாதகமானாலும் பாதகமானாலும் வெளியிடுவதும் கட்டாயமாக வேண்டும். பலன் உறுதியான மருந்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

"கம்பெனிகள் பணம் போடாவிட்டால் விஞ்ஞானம் நின்றுவிடும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். வலியைத் தடுக்கும் விஞ்ஞானத்துக்குக் கம்பெனிகள் என்றைக்கு வரிசையில் நின்று பணம் போட்டன, இன்றைக்கு நின்றுபோக? மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வரி கொடுப்பவன் தொழிலாளி. ஆபரேஷன் மேஜையில் உடம்பைக் கொடுப்பவனும் அவனே. அவன் திரும்ப எழுந்து வேலைக்குப் போகிறானா என்று ஓராண்டு பொறுத்திருந்து பார்ப்பது சர்க்காரின் கடமை. அந்தக் கடமையைக் கேட்டு வாங்குவோம்.