பிரிட்டிஷ் கோர்ட்டில் பிள்ளைக்காகப் பேசுவது யார்?

பிரிட்டனில் உழைத்துப் பிழைக்கும் ஒரு தகப்பனுக்குச் சர்க்காரிடமிருந்து கடிதம் வருகிறது: இந்நாட்டில் இருக்க உனக்கு உரிமையில்லை, வெளியேறு என்று. அவனது பிள்ளை அங்கேயே பிறந்தது. அங்கேயே பள்ளிக்கூடம் போகிறது. தகப்பனை விமானத்தில் ஏற்றிவிட்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? இதைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்வது யார்?

சீமையில் நடக்கும் வழக்கு நமக்கெதற்கு என்று தோழர்கள் நினைக்க வேண்டாம். அந்தக் கோர்ட்டுகளில் நிற்பவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காகவும் உயிருக்கு அஞ்சியும் கடல் தாண்டிய பல நாட்டு உழைப்பாளிகள். இலங்கைத் தமிழர்களும் அவர்களில் உண்டு.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் நல்ல வார்த்தைகளுக்குக் குறைவில்லை. குழந்தைகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை பிரிட்டன் 1991-ல் ஏற்றது. ஆனால் குடியேற்ற விஷயத்துக்கு மட்டும் அது பொருந்தாது என்று ஒரு வேலி போட்டது. அந்த வேலியை அகற்ற 2008 வரை ஆயிற்று! 2009-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 55-வது ஷரத்து, குடியேற்ற இலாகா குழந்தைகளின் நலனைக் காக்க வேண்டும் என்றது. குழந்தையின் நலன் முதன்மையாகக் கவனிக்கப்பட வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு வருஷம் அங்கே வாழ்ந்த பிள்ளையை நாட்டைவிட்டுப் போகச் சொல்வது நியாயமா என்று பார்க்க வேண்டும் என்கிறது 2014-ஆம் வருஷத்துச் சட்டம்.

நியாயமா, இல்லையா? இதை எதைக் கொண்டு நிர்ணயிப்பது? தாய் அழுதால் சொந்தக் குடும்பத்துக்காக அழுகிறாள் என்பார்கள். சின்னஞ்சிறு பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதோ கொடுமை. இங்கேதான் சர்க்காரைச் சாராத சமூகப் பணியாளரின் அறிக்கை வருகிறது. அவர் வீட்டுக்குப் போகிறார், பிள்ளையோடு பேசுகிறார், வாத்தியாரை விசாரிக்கிறார், தகப்பன் இல்லாவிட்டால் பிள்ளையின் படிப்பும் மனமும் என்னாகும் என்று தம் தொழிலறிவைக் கொண்டு எடைபோட்டு எழுதுகிறார்.

காசு வாங்கிக்கொண்டு எழுதிய சாட்சியம் இது என்று ஆட்சேபம் கிளம்பும். சர்க்கார் தரப்பில் ஆஜராகிறவர் மட்டும் சம்பளம் வாங்காமலா பேசுகிறார்? கட்டணம் யார் கொடுத்தாலும் நிபுணரின் கடமை கோர்ட்டுக்கே. குடும்பத்துக்குப் பாதகமானதையும் அவர் எழுதியாக வேண்டும். கேட்டவருக்கு ஏற்றபடி பாடுகிற அறிக்கையை நீதிபதி ஒதுக்கித் தள்ளுவார், குடும்பத்துக்குத்தான் நஷ்டம்.

இது நமக்குப் புரியாத விஷயமல்ல. ஆலையில் விரலை இழந்த தொழிலாளி நஷ்டஈடு கேட்கும்போது, முதலாளியிடம் சம்பளம் வாங்கும் டாக்டரின் சீட்டு மட்டும் போதும் என்று நாம் விடுவோமா? மரக்கால் பண்ணையார் கையிலேயே இருந்தால் கூலி நெல் சரியாக விழுமா?

சார்பற்ற நிபுணரின் சொல்லுக்கு உள்ள பலத்தை 2019-ல் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு காட்டியது. சித்திரவதையின் தழும்புகளை அவர் காட்டினார். அவரே பிறரைக் கொண்டு சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று கீழ்க்கோர்ட்டு சந்தேகித்தது. அவர் சொன்ன விவரத்துக்குத் தழும்பு எவ்வளவு பொருந்துகிறது என்று கருத்துக் கூற மருத்துவருக்கு உரிமை உண்டு என்று கூறி, வழக்கை மறுபடி விசாரிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உடலின் தழும்புக்கு மருத்துவர். பிள்ளையின் மனத்துக்குச் சமூகப் பணியாளர். 2022-லும் அதே நீதிமன்றம், சிறைத் தண்டனை பெற்ற தகப்பனை நாடு கடத்தும் வழக்கில், கற்பனையான ஏதோவொரு பிள்ளையோடு ஒப்பிடாமல், இந்தப் பிள்ளைக்கு என்ன நேரும் என்றே பார்க்கச் சொன்னது. நேரில் போய்ப் பார்த்தவர் சொல்லாமல் அது எப்படித் தெரியும்?

ஆனால் அறிக்கைக்குப் பணம் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 ஏப்ரல் முதல், குடும்ப வாழ்க்கை உரிமையை வைத்து நடத்தும் குடியேற்ற வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இலவச சட்ட உதவி வெட்டப்பட்டது. விதிவிலக்கு கேட்டு மனுப்போடலாம். அதற்கும் வக்கீல் துணை வேண்டியிருக்கிறது. வசதியுள்ளவன் நிபுணரை அமர்த்துகிறான். பாத்திரம் கழுவுகிறவனும் முதியோரைத் தூக்கிப் பராமரிக்கிறவளும் வெறுங்கையோடு நிற்கிறார்கள். பிள்ளையின் நலன் முதன்மை என்று சட்டம் சொல்ல, தகப்பனின் பணப்பை முதன்மையாகிவிடுகிறது!

நாம் கேட்பது அதிகமல்ல. பிள்ளையின் வாழ்வைப் பாதிக்கும் ஒவ்வொரு வழக்கிலும் சார்பற்ற அறிக்கைக்குப் பொதுப் பணத்திலிருந்து செலவிட வேண்டும். அறிக்கை வரும்வரை எந்தத் தகப்பனையும் தாயையும் விமானம் ஏற்றக் கூடாது. சட்டத்தில் எழுதிய நலனைச் சட்டமே விலை பேசக் கூடாது.