சுமையும் முதுகும்

நம் நாட்டுப் பழஞ்சாலைகளின் ஓரத்தே சுமைதாங்கிக் கற்கள் இன்றும் சில இடங்களில் நிற்கக் காண்கிறோம். கருவுற்ற நிலையில் மாண்ட பெண்களின் நினைவாக நாட்டப்பெற்ற அவற்றை நாம் தருமச் சின்னங்களாக மட்டுமே எண்ணுகிறோம். அவற்றுள் தேகநூல் உண்மையொன்றும் அடங்கியுள்ளது. தலைச்சுமையோடு வருபவர் குனியாமலும் பிறர் துணையின்றியும் சுமையை இறக்கி, மீண்டும் ஏற்றிக்கொள்ளத்தக்க உயரத்தில் அவை அமைந்துள்ளன.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகளும், அவற்றினிடையே மெத்தைபோன்ற வட்டுகளும் உள. தரையிலுள்ள மூட்டையைக் குனிந்து தூக்குங்கால், சுமை உடலை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவுக்கு முதுகுத் தசைகள் மிகுதியாய் இழுக்க வேண்டும். இது நெம்புகோலின் இயல்பு. இதனால் வட்டுகளின்மேல் விழும் அழுத்தம் சுமையின் நிறையினும் பன்மடங்காகிறது. குனிந்தவாறே உடலைத் திருப்பின் அபாயம் இன்னும் பெரிது. வட்டு பிதுங்கி நரம்பை நெருக்கினால் வலி காலுக்கும் பரவும்.

“முழங்காலை மடக்கித் தூக்குக” என்று தொழிலாளிக்கு உபதேசிப்பதோடு கடமை தீர்ந்ததென்பார் உளர். உபதேசத்தை நாம் இகழ்ந்தோமல்லோம். ஆயினும் போதனை மாத்திரத்தால் முதுகுநோய் குறைந்ததாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. அமெரிக்கத் தொழிற்சுகாதார நிலையத்தார் 1991-இல் திருத்தியமைத்த கணக்கின்படி, எல்லா நிலைமைகளும் உகந்திருக்கும்போதும் ஒருவர் தூக்கத்தக்க நிறையின் எல்லை 23 கிலோ. நம் சிமெண்டு மூட்டையோ 50 கிலோ. இதற்கு முழங்கால் என்ன செய்யும்? குற்றம் தூக்குபவருடையதன்று; அத்துணைப் பெரிய மூட்டையைக் கட்டியவருடையது, அதைத் தரையில் கிடத்தியவருடையது.

மூட்டையைச் சிறிதாக்கினால் கூலி குறையுமே என்பார்க்கு, மூட்டைக்கணக்கை விடுத்து நிறைக்கணக்கில் கூலி தருக என்பதே நம் விடை.

நிற்க, ஊராரை நோக்கிப் பேசுமுன் நம் இல்லத்தை நோக்குவோம். விடுதி திறக்கும் நாளில் நம் பெட்டிகளையும், சமையற்கூடத்து அரிசி மூட்டைகளையும் சுமப்பவர் யாவர்? நம் பெட்டி நம் கையாலேயே தூக்கத்தக்கதாய் இருக்கட்டும். பண்டசாலையில் இடுப்பளவு மேடையொன்றும் தள்ளுவண்டியொன்றும் அமைத்தல் பெருஞ்செலவன்று. முன்னோர் முகமறியா வழிப்போக்கருக்குக் கல் நாட்டினர். கற்ற நாம், நம் வாயிலில் நாள்தோறும் உழைப்பவருக்கு அவ்வளவேனும் செய்யாதிருத்தல் தகுமோ?