கௌரவ நிதி யாருக்கு?



மாலைச் செபமாலை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது பெரியவர் ஒருவர் ஒரு படிவத்தை நீட்டினார். முப்பது ஆண்டுகளாக ஒரே நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர். "சாமி, இதுல எம் பேரு சேருமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். சேராது.

அது பிரதமரின் விவசாயிகள் கௌரவ நிதிக்கான படிவம். 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் சேர்கிறது. 2025 நவம்பரில் 21ஆவது தவணை நம் கோயம்புத்தூரில்தான் வெளியிடப்பட்டது. முதலில் 2 எக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். சில மாதங்களிலேயே அந்த வரம்பை நீக்கினார்கள். நீக்காத நிபந்தனை ஒன்று உண்டு: நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

காவிரிப் படுகையில் இதன் பொருள் என்ன? இங்கே ஏராளமான வயல்கள் கோவில்களுக்கும் மடங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சொந்தம். நிறுவனங்களுக்கு இந்த நிதி கிடையாது, அது சரிதான். ஆனால் அந்த வயலில் இறங்கி நாற்று நடுபவருக்கும் கிடையாது, அவர் உரிமையாளர் அல்லவே! தனியார் நிலமென்றால், வெளியூரில் இருந்துகொண்டு வரப்பையே மிதிக்காத உரிமையாளரும், வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர் போன்ற விலக்குகளில் அகப்படாவிட்டால், தவணையைப் பெறலாம். உழுதவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாதத்துக்கு 500 ரூபாய்தானே என்று சிலர் கேட்கலாம். உர மூட்டையைக் கடனுக்கு வாங்குபவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

அரசு தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. வாய்மொழிக் குத்தகையை எதை வைத்துச் சரிபார்ப்பது? நிலப் பதிவேடுதான் கையில் உள்ள ஒரே பட்டியல். ஆனால் அந்தப் பதிவேட்டை நம்பிய திட்டத்தில்தான், 2020இல் தமிழ்நாட்டில் தகுதியற்ற பல லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போனது. இடைத்தரகர்களோடு வேளாண் துறை ஊழியர்கள் சிலரும் சிக்கினார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

முடியாத காரியமும் அல்ல. ஒடிசா தன் 'காலியா' திட்டத்தில் பங்குச் சாகுபடியாளர்களையும் நிலமற்றவர்களையும் சேர்த்தது. ஆந்திரா 2019இல் 'ரைத்து பரோசா' திட்டத்தில் பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகை விவசாயிகளுக்கு மாநில நிதியிலிருந்தே பணம் கொடுத்தது. கோவில் நிலங்களில் பயிரிட்டவர்களும் அதில் அடங்கினர். நம் மாநிலத்திலோ குத்தகைதாரரின் பெயரை வட்டாட்சியரிடம் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் வந்துவிட்டது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடி செய்யும் குத்தகைதாரரைக் காரணமின்றி வெளியேற்றுவதையும் தடுக்கிறது. பிறகு ஏன் இத்தனை பேர் பதிவுக்கு வெளியே? எழுதிக் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று உரிமையாளர் அஞ்சுகிறார். எழுதிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலமே கிடைக்காது என்று குத்தகைதாரர் அஞ்சுகிறார். இருவர் அச்சமும் சேர்ந்து ரசீதில்லாத குத்தகையாக நடக்கிறது.

விவிலியத்தில் ரூத்து போவாசின் வயலுக்கு வந்தபோது அவரிடமும் பட்டா இல்லை. வயலில் குனிந்து கதிர் பொறுக்கினார் என்பதே அவருக்குப் போதுமான சான்றாக இருந்தது.

இதுவரை சொல்லாத ஒன்று: அந்தப் பெரியவர் உழுவது நம் பங்கின் நிலம். குத்தகை நெல்லைத் தவறாமல் அளக்கிறார். நாம் கொடுக்கும் சீட்டில் இன்னும் அவருடைய தந்தையின் பெயரே இருக்கிறது. அவர் பெயரைப் பதிவு செய்தாலும் கௌரவ நிதி வந்துவிடாது. ஆனால் கூட்டுறவுக் கடனுக்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், வெள்ள நிவாரணத்துக்கும் போய் நிற்கும்போது கையில் ஒரு தாள் இருக்கும். வட்டாட்சியருக்கு எழுதலாமா என்று பங்குப் பேரவையில் கேட்டேன். நிலம் கையை விட்டுப் போய்விடுமே, சாமி என்றார்கள். இரண்டு கூட்டங்கள் முடிந்துவிட்டன. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.