இனிப்பை ஒளித்து உண்ண வேண்டாம்

தீபாவளி முடிந்த ஓரிரு வாரங்களில் எங்கள் நீரிழிவு நோய்ப் பிரிவில் ஆண்டுதோறும் ஒரே காட்சியைக் காண்கிறோம். பரிசோதனைத் தாளில் சர்க்கரை அளவு ஏறியிருக்கும். "இனிப்பு சாப்பிட்டீர்களா, ஐயா?" என்று கேட்டால், "வாயிலேயே வைக்கவில்லை, டாக்டர்" என்பார் பெரியவர். உடன் வந்த மகள், "டப்பாவில் வைத்த அதிரசம் எங்கே போயிற்று என்று கேளுங்கள்" என்பார். பெரியவர் தலைகுனிவார்.

இதற்கு அவரை மட்டும் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. "இனிப்பைத் தொடவே கூடாது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பியவர்கள் நாங்கள்தாம். முழுத் தடை ஒளிவுமறைவையே வளர்க்கிறது. ஒளித்து உண்பவர் அவசரமாகவும் அளவு பாராமலும் உண்கிறார். உண்மை அறியாத நாங்கள் மருந்தின் அளவைக் கூட்டுகிறோம். பண்டிகை கழிந்து அவர் வழக்கமான உணவுக்குத் திரும்பியபின், அதே மருந்து சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடக்கூடும். மறைத்த ஓர் அதிரசத்தைவிட, மறைத்த அந்தச் செய்தியே பெருந்தீங்கு செய்கிறது.

ஆகவே எங்கள் கருத்தைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். நீரிழிவு உள்ளவருக்கும் பண்டிகை உண்டு. அதை முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவை, ஒரு நாளில் உண்ட ஒரு சிறு துண்டு இனிப்பு புரட்டிவிடுவதில்லை. நாள்தோறும் தட்டில் குவியும் சோறும், வேளைதோறும் சர்க்கரையிட்டுக் குடிக்கும் காப்பியுமே அதை ஏற்றுகின்றன. "இனிப்பே தொடுவதில்லை" என்று பெருமை கொள்ளும் சிலர், இரவில் ஆறு இட்லி உண்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனிப்பு உண்ணும் நாளில் அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். காய்கறியும் பருப்பும் உண்டபின், கடைசியாக ஒரு சிறு துண்டு போதும். பிறகு 15 நிமிடம் நடங்கள். இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையை அளந்து குறித்து வையுங்கள். இனிப்புக்கு ஈடுகட்டவென்று காலை உணவைத் தவிர்ப்பதும், மாத்திரையையோ இன்சுலினையோ தாமாகக் கூட்டிக்கொள்வதும் ஆபத்தானவை. கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை ஆகியவையும் இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியவையே. அவற்றுக்கும் அளவு வேண்டும்.

இந்தத் தளர்வு எல்லார்க்கும் ஒரே அளவில் பொருந்தாது. சர்க்கரை மிகவும் ஏறியிருப்போர், ஆறாத புண் உள்ளோர், கருவுற்ற தாய்மார் ஆகியோர் முதலில் எங்களைக் கேட்க வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றோருக்கு ஊறுகாய், மிக்சர் போன்ற உப்புப் பண்டங்களும், சில பழங்களும்கூடத் தீங்கு செய்யலாம்.

குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டில் காவலராக நிற்காதீர்கள். அனைவரும் உண்ணும்போது அவருக்கும் ஒரு சிறு துண்டைத் தட்டில் வையுங்கள். எல்லார் முன்னிலும் உண்பவர் அளவறிந்து உண்பார்.

அடுத்த முறை வரும்போது, உண்டதை உண்டபடி சொல்லுங்கள். கடிந்துகொள்ளாமல் கேட்பது எங்கள் பொறுப்பு.